மரம் வராமல் வந்த பழம்

ஆக்லாந்து நகரத்தின் தென்கோடியில், கிரேட் சௌத் ரோடு என்னும் பழைய ராஜபாட்டையை ஒட்டிப் பரந்து கிடக்கும் மனுரேவாவுக்கு, மகனுடைய குடும்பத்தோடு நான் வந்து சேர்ந்து பதினாறு வருஷங்கள் ஆகின்றன. வந்த முதல் வாரத்திலேயே, காலையில் உலாவப் போனபோது, எங்கள் தெருமுனையிலிருந்த ஒரு பழைய மரவீட்டின் முன்வாசலில், யானைக்கால் போலப் பருத்த அடிமரமும், பதினைந்தடிக்குக் குறையாமல் நீண்டு நாற்புறமும் வளைந்து இறங்கிய மட்டைகளுமாக நின்றுகொண்டிருந்த ஒரு விருட்சத்தைக் கண்டு, அந்நிய தேசத்தில் ஊர்க்காரன் ஒருவன் எதிர்ப்பட்டால் உண்டாகும் சந்தோஷத்தோடு, "அட, பேரீச்சை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கோடை முடிகிற சமயம் அது. மரத்தடியில் செம்மஞ்சள் நிறத்துச் சிறு பழங்கள் உதிர்ந்து கிடந்தன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக் கடித்தேன். தோல் இருந்தது, கொட்டை இருந்தது. இரண்டுக்கும் நடுவே சதை என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை.

அது பேரீச்சை அன்று, பேரீச்சையின் பங்காளி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கானரித் தீவுகளைப் பூர்விகமாகக் கொண்டு, அழகுக்காகவே உலகமெங்கும் நடப்பெற்ற அந்த மரத்தை இவ்வூரார் 'ஃபீனிக்ஸ் பாம்' என்கிறார்கள். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில், கொஞ்சம் வசதி வந்த பண்ணைக்காரரெல்லாம் வாயிலுக்கு இருபுறமும் இரண்டு ஃபீனிக்ஸ் வைப்பதைக் கௌரவமாகக் கருதினார்களாம். பூங்காக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நட்டார்கள். இப்போது அதன் ஜாதகம் மாறிவிட்டது. பழத்தைத் தின்ற பறவைகள் கொட்டையைக் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் போட, அங்கங்கே தானாக முளைக்கத் தொடங்கியதால், 2020 முதல் 2030 வரைக்குமான ஆக்லாந்துப் பிராந்தியப் பீடைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மரமும் சேர்க்கப்பட்டு, அதை விற்பதும் பெருக்குவதும் பரப்புவதும் தடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த மரத்தோடு எனக்கு ஒரு சொந்தப் பகையும் உண்டு. தெருமுனை வீட்டுக் கிழவர் ஒரு சனிக்கிழமை காய்ந்த மட்டைகளைக் கழிக்கத் துணைக்கு அழைத்தார். ஈச்ச மட்டையின் அடிப்பகுதியில் ஓலைக்குப் பதிலாக முள் இருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவன்தான் நான். ஆனால் எங்கள் ஊர் ஈச்ச முள் தையல் ஊசி என்றால் இது கோணி ஊசி. தோல் கையுறையைத் துளைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலின் கணுவுக்குள் இறங்கி, நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. விரல் வீங்கி, மடக்க வராமல், இரண்டு மாத காலம் நான் எல்லாரையும் நோக்கிச் சுட்டிக்கொண்டே திரிந்தேன். வைத்தியம் பார்த்தவர், இந்த முள்ளால் இப்படி வந்தவர்கள் இங்கே அநேகம் பேர் என்று ஆறுதல் சொன்னார்.

விரல் குணமாகும்வரை எழுத முடியாதாகையால் யோசிக்க அவகாசம் கிடைத்தது. தமிழ் நாட்டில் பேரீச்சம்பழம் தெரியாத குழந்தை இல்லை. ஆயினும் அந்த மரத்தைக் கண்ணால் கண்டவர் சமீப காலம் வரையில் மிகச் சிலரே. பல நூற்றாண்டுகளாக நமக்குப் பழம் வந்துகொண்டிருந்தது, மரம் வரவில்லை. மனுரேவாவிலோ மரம் வேண்டாத விருந்தாளியாக மலிந்து கிடக்கிறது, பழம் இல்லை. இந்த விசித்திரத்துக்குக் காரணம் பாதி வானத்தில் இருக்கிறது, பாதி வியாபாரத்தில் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ஈந்து' என்பது பழந்தமிழ்ச் சொல். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, எயினர்களுடைய குடிசைகள் ஈந்தின் இலையால் வேயப்பட்டிருந்ததைச் சொல்கிறது. அந்த ஈந்து நம்முடைய முல்லைக்காட்டிலும் பாலைநிலத்திலும் தானே வளரும் காட்டு மரம். அதுவே வழக்கில் ஈஞ்சு, ஈச்சு, ஈச்சை என்றெல்லாம் திரிந்தது. விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் இடையே ரயிலில் போகிறவர் பார்க்கும் ஈச்சங்காடு என்ற ஊர்ப்பலகையும், சென்னைக்குத் தெற்கே கடலோரத்து ஈஞ்சம்பாக்கமும் அந்த மரத்தின் ஞாபகங்களே என்பது என் அபிப்பிராயம். பிற்பாடு கடல் வழியே, ஈச்சம்பழத்தைப் போன்ற உருவமும், அதைவிடப் பன்மடங்கு பருமனும் இனிமையும் கொண்ட ஒரு பழம் வந்து இறங்கியபோது, தமிழர் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. ஈந்துக்கு முன்னால் 'பேர்' என்ற அடையைச் சேர்த்துப் பேரீந்து என்றார்கள். வடமொழிப் பெயராகிய கர்ஜூரம் வைத்திய நூல்களில் இருக்கத்தான் இருந்தது. தாகத்துக்கும் மதுவின் மயக்கத்துக்கும் மருந்தாக ஆயுர்வேதம் கூறும் கர்ஜூராதி மந்தம் என்னும் பானகம் இந்தப் பழத்தின் பெயரையே தாங்கியது. எனினும் கடைத்தெருவில் வென்றது பேரீந்துதான். 'ஈந்து' என்றால் 'கொடுத்து' என்றும் பொருள்படுமாதலால், சிலேடைப் புலவர் எவராவது இதை விட்டுவைத்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும்.

நம்முடைய ஈச்சில் இரண்டு வகையைப் பாமரரும் பிரித்தறிவர். உயர்ந்து வளர்வது ஈச்சமரம். வங்காளத்தில் பனிக்காலத்து வெல்லத்துக்காகச் சாறு இறக்குவது இதிலிருந்துதான். இடுப்பளவிலேயே புதராக நிற்பது சிற்றீச்சு. வில்லியம் ராக்ஸ்பரோ என்னும் தாவர சாஸ்திரி, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 1795இல் வெளிவரத் தொடங்கிய தமது பெரிய நூலில் இந்தச் சிற்றீச்சை வருணித்து, அதன் தண்டுக்குள் இருக்கும் மாவைப் பஞ்சகாலத்தில் ஏழைகள் உண்டார்கள் என்று குறித்திருக்கிறார். ஓலையில் பாய், கூடை, விளக்குமாறு, குருத்தில் தின்பண்டம், சித்திரை வைகாசியில் கறுத்துப் பழுக்கும் குலையில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மஞ்சளாக இருக்கும்போதே குலையை வெட்டி வந்து வைக்கோலுக்குள் புதைத்துவைத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்துப் பார்த்து அதைப் பழுக்கவிடாமல் செய்த பெருமை எனக்கும் என் தம்பிக்கும் உரியது.

இனி வானத்தின் விஷயம். பேரீச்சைக்குக் கால் தண்ணீரிலும் தலை நெருப்பிலும் இருக்கவேண்டும் என்பது அராபியர் வழக்கு. தாவர நூலார் எத்தனை பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. வேர் எப்போதும் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீர் உப்புக் கரித்தாலும் மரம் பொறுத்துக்கொள்ளும். நிழலில் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினாலன்றிப் பாளை வெடிக்காது. 25 டிகிரிக்கு மேலான வெயில் மாதக்கணக்கில் விடாமல் காய்ந்தாலன்றிக் காய் பழமாகாது. குளிரால் மரம் சாகாது. சில டிகிரி உறைபனியைக்கூடத் தாங்கிவிடும். ஆனால் அது உயிரோடிருப்பது வேறு, பழுப்பது வேறு. அதைவிட முக்கியம், பழம் முதிரும் அந்தக் கடைசி வாரங்களில் வானம் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நல்ல மழை விழுந்தால் தோல் வெடித்து, பூஞ்சணம் பிடித்து, குலை முழுதும் புளித்துப்போகும். ஆகவே பஸ்ரா நகரத்தைச் சுற்றியுள்ள பூமி அதற்குச் சொர்க்கமாயிற்று: கோடையில் 45 டிகிரிக்கு மேல் அனல், வானத்தில் பொட்டு மேகமில்லை, காலடியிலோ டைகிரிஸும் யூப்ரடீஸும் கலந்த ஷத்துல் அரபு என்னும் மகாநதி. அங்கே ஏற்றமும் கபிலையும் தேவைப்படவில்லை. பாரசீக வளைகுடாவில் நாளைக்கு இருமுறை கடல் பொங்கும்போது, அந்தப் பெருக்கு ஆற்றின் நன்னீரையே பின்னுக்குத் தள்ளி, தோப்புகளுக்குள் வெட்டியிருந்த வாய்க்கால்களில் ஏற்றிவிடும். கடல் வற்றும்போது நீரும் தானே வடிந்துவிடும். தள்ளும் கை சமுத்திரத்தினுடையது, கொடுக்கும் நீர் நதியினுடையது. குடியானவன் வாய்க்காலைத் தூர் எடுத்தால் போதும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈராக் தேசத்தில் ஏறக்குறைய 3 கோடி மரங்கள் இருந்ததாகக் கணக்கு. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் யுத்தத்தில் பீரங்கிகள் நின்றது இந்தத் தோப்புகளில்தான்; தலையறுந்த மரங்கள் வரிசை வரிசையாக நின்ற படங்களை அக்காலத்துப் பத்திரிகைகளில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. காற்றை நம்பினால் விளைச்சல் அற்பமாதலால், மனிதனே இளவேனிலில் மரமேறி, ஆண் பாளையின் கதிரை எடுத்துப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டிவிடுவான். ஒரு தோப்புக்கு இரண்டொரு ஆண் மரங்கள் இருந்தால் போதும். இந்த வித்தை நாகரிகத்தின் தொடக்கத்திலேயே மனிதனுக்குக் கைவந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில், தோப்பை மகரந்தம் சேர்ப்பதற்காகத் தோட்டக்காரனிடம் விட்டால் விளைவில் மூன்றில் இரண்டு பங்கு உடையவனுக்கு என்று குத்தகை வீதம் விதிக்கப்பட்டிருக்கிறது. பிறன் தோப்பில் மரம் வெட்டியவனுக்கு அரை மினா வெள்ளி அபராதம். நம் தஞ்சை ஜில்லாவின் வாரத் தகராறுகளை அறிந்தவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றி என்ன நினைப்பார்களோ!

விதை போட்டால் பாதி ஆணாகப் போகும். பெண்ணாக முளைத்ததும் தாயின் குணத்தோடு இராது. ஆதலால் நல்ல ஜாதியைக் காப்பாற்ற, தாய்மரத்தின் அடியில் வெடிக்கும் கன்றைப் பெயர்த்து நடுவதே வழி. நாம் வாழைக்குச் செய்வது போல. மொராக்கோவில் பயூத் என்னும் நோய் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்த சமயத்தில், 1927இல் வால்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கர் பதினோரு கன்றுகளைப் பெற்றுச் சென்றார். பிழைத்த ஒன்பதிலிருந்து பெருகியவையே இன்று கலிபோர்னியாவில் மெஜூல் என்ற பெயரோடு பழுப்பவை. கன்று பயணம் செய்யும். நம் கடற்கரைக்கு அது ஏன் வந்து வேரூன்றவில்லை என்றால், நம்மிடம் நெருப்பு உண்டு, தண்ணீரும் உண்டு. ஆனால் இரண்டும் தப்பான மாதங்களில் வருகின்றன. பழம் முதிரவேண்டிய ஆனி, ஆடி, ஆவணியில் கோடை மழையும் பருவக் காற்றின் ஈரமும் வந்து குறுக்கிடுகின்றன. ஆகையால் நம்மவர், வரட்டும் பழம் மட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பழம் வருவதற்குக் கடல் இருந்தது. வளைகுடாவின் மரக்கலங்கள், பருவக் காற்றைப் பிடித்து, குதிரையும் முத்தும் பேரீச்சையும் ஏற்றிக்கொண்டு மேலைக்கரைக்கு வந்து, மலையாளத்துத் தேக்கும் தென்னங்கயிறும் மிளகும் ஏற்றித் திரும்பின. குதிரைகள் பாண்டி நாட்டுக் காயல் துறையில் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை ராஜாக்களுக்கு, பேரீச்சை எல்லாருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களில் ரமலான் நோன்பு திறக்கும் அந்திப்பொழுதில், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு முன்னால் கைக்கு வருவது ஒரு பேரீச்சம்பழம். அதே பழம், மலைவாழையோடும் கண்ட சர்க்கரையோடும் தேனோடும் நெய்யோடும் சேர்ந்து, பழனியில் தண்டாயுதபாணியின் பஞ்சாமிர்தமாகவும் ஆகிறது. அரபு தேசத்துக் கனி ஆண்டிக்கு அபிஷேகமாவதில் நம் முன்னோர் யாருக்கும் சங்கடம் தோன்றியதாகத் தெரியவில்லை, தோன்றாதது நல்லதாயிற்று.

ஆனால் தமிழ் நாட்டில் பேரீச்சையின் உண்மையான சரித்திரம் கோயிலிலும் இல்லை, பள்ளிவாசலிலும் இல்லை, தெருவில் இருக்கிறது. கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, பெரியவர்கள் எல்லாரும் கண் அயர்ந்திருக்கும் வேளையாகப் பார்த்து, ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று அவர் ராகம் போட்டு இழுக்கும் குரல், அந்தக் கடைசிச் சொல்லில் வந்து ஒரு முழு வீச்சு நீளும். சைக்கிளின் பின்புறத்தில் ஒரு பக்கம் கோணிச் சாக்கு. மறுபக்கம் கூடைக்குள், ஓலைப்பாயில் பொதிந்து, தனித்தனிப் பழமென்று அடையாளம் தெரியாமல் ஒன்றோடொன்று இறுகி, கருங்கல் பலகைபோல் ஆகிவிட்ட பேரீச்சைக் கட்டி. நாம் கொண்டுபோன ஓட்டைக் கரண்டியை அவர் கையில் வாங்கி, நகத்தால் சுண்டிப் பார்த்து, முகத்தில் எந்தப் பாவமும் காட்டாமல் சாக்கில் போட்டுவிட்டு, கத்தியை எடுத்துக் கட்டியின் ஓரத்தில் ஒரு சீவல் சீவிக் கொடுப்பார். அதில் ஈ ஒட்டியிருக்கும். ஓலைத் துணுக்கு இருக்கும். சில சமயம் மணல் நறநறக்கும். அந்தத் தித்திப்புக்கு இணையாக நான் பிற்பாடு எதையும் தின்றதில்லை.

அந்த ஓலைப்பாயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மேல்நாட்டாருக்குப் போகும் உயர்ந்த ரகப் பழங்களை அடுக்கி மரப்பெட்டியில் அனுப்பிய பஸ்ராவின் வியாபாரிகள், நம்மைப் போன்றவர்களுக்கு வரும் மட்டரகத்தைப் பேரீச்ச ஓலையிலேயே முடைந்த பொதிகளில் மிதித்து அடைத்து அனுப்பினார்கள். ஆக, தமிழ் நாட்டுக்கு அந்த மரத்திலிருந்து வந்து சேர்ந்தது பழத்தைத் தவிர இந்தக் கிழிந்த ஓலை ஒன்றுதான். எங்கள் பாட்டி அதையும் வீணாக்காமல் வெந்நீர் அடுப்பில் வைத்தாள்.

பண்டமாற்றுக்கு இத்தனை பண்டங்களிருக்கப் பேரீச்சை ஏன் வந்தது என்று யோசித்திருக்கிறேன். அது மலிவாக, பெருமளவில் வந்து இறங்கியது, மாதக்கணக்கில் கெடாது, எத்தனை சிறிய துண்டமாகவும் நறுக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு மயங்குகிற பேர்வழிகள் வீட்டிலேயே இருந்தார்கள். காசு கொடுத்து வாங்குவதானால் பெரியவர்களை எழுப்பவேண்டும். பழத்துக்கானால் பிள்ளைகளே போதும். என் தாயாரின் சீர் வரிசையில் வந்த ஒரு பித்தளைச் செம்பு, அடியில் சிறு நெளிவு இருந்ததைச் சாக்காக வைத்து, இப்படித்தான் எங்களை விட்டுப் போயிற்று. அதற்கு ஈடாகக் கிடைத்தது இரண்டு உள்ளங்கை நிறையப் பழம். பிற்பாடு கிடைத்தது வேறு. அந்தச் செம்பு எங்கேயாவது ஒரு பட்டறையின் மூசையில் உருகி, நாச்சியார்கோயில் குத்துவிளக்காக எவர் வீட்டிலோ எரிந்துகொண்டிருக்கும் என்று எண்ணி என்னை நானே தேற்றிக்கொள்வதுண்டு. அந்த வியாபாரம் பிளாஸ்டிக் குடங்களுக்கும் வெங்காயத்துக்கும் மாறி, பிறகு ரொக்கத்துக்கே மாறிவிட்டது. பாஷையில் மட்டும் பழம் நிற்கிறது: ஓடாத மோட்டார் சைக்கிளைப் பார்த்து "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்கிற இளைஞன், அந்தச் சைக்கிள்காரரை ஒருநாளும் கண்டிருக்கமாட்டான்.

இந்தப் பண்டமாற்றுக்கு நியூசிலாந்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாயிருக்கும். 1836இல் வில்லியம் கொலென்ஸோ என்னும் மிஷனரி, ஆக்லாந்துக்கு வடக்கே வாங்காரே பக்கத்தில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். கூர்ந்து பார்த்தபோது அது பாத்திரம் அன்று, உடைந்த மணியின் மேற்பாகம். அதில் சுற்றிலும் எழுத்துகள். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை அவர் வாங்கிக்கொண்டார். எழுத்து தமிழ் என்றும், முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்று அது அறிவிப்பதாகவும் பிற்காலத்தில் தெரியவந்தது. இப்போது வெல்லிங்டனில் தே பாப்பா மியூசியத்தில் இருக்கும் அந்த மணியை, முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு தமிழ்க் கப்பல் சொந்தக்காரரின் ஞாபகமாக நான் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளங்கூட இல்லை. எங்கள் தெருவில் அகப்பட்டிருந்தால் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிச் சாக்கில் போயிருக்கும். ஆகையால் கொலென்ஸோவின் இரும்புச் சட்டிக்குத் தமிழர் கடமைப்பட்டவர்கள்.

மரத்தையே இந்தியாவில் பெருக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இல்லாமலில்லை. லக்னோவில் உத்தியோகம் பார்த்த வைத்தியர் இம்மானுவேல் பொனேவியா, தாது வருஷப் பஞ்சம் முடிந்த சில வருஷங்களில், 1885இல், இந்தியாவில் பேரீச்சையின் எதிர்காலத்தைப் பற்றி ஒரு தனிப் புஸ்தகமே எழுதினார். பஞ்சாபின் முல்தான் பகுதியிலும் கச்சு தேசத்திலும் அது நிலைத்தது. கச்சுக்காரர் கண்டுபிடித்த உபாயம் எளியது: மழைக்கு முன்னாலேயே, மஞ்சளும் சிவப்புமாக நறுக்கென்று கடிபடும் காய்ப் பருவத்திலேயே பறித்துத் தின்றுவிடுவது. அதை அவர்கள் காரெக் என்கிறார்கள். அந்த உபாயந்தான் கடைசியில் தமிழ் நாட்டுக்கும் வழி திறந்தது. செங்காயாகவே இனிக்கும் பர்ஹி ஜாதியின் திசு வளர்ப்புக் கன்றுகள் கிடைக்கத் தொடங்கிய பின்பு, இந்த நூற்றாண்டில், தர்மபுரி ஜில்லா அரியாகுளத்தில் ஒரு விவசாயி தோப்பு வைத்து வெற்றி கண்டார். வேறு ஜில்லாக்களிலும் சிலர் வைத்தார்கள். ஊருக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு குலையை விலைக்கு வாங்கித் தின்று பார்த்தேன். பழம் நன்றாகத்தான் இருந்தது. ஓலைத் துணுக்கும் மணலும் இல்லாத குறைதான்.

மனுரேவாவுக்குத் திரும்புகிறேன். 'மனு' என்றால் மாவோரி பாஷையில் பறவை, பட்டம் என்று இரண்டு பொருளும் உண்டு. தமாபாஹோரே என்பவன் விட்ட பட்டம் நூலறுந்து மிதந்து போனதால் இவ்வூர்ப் பெயர் வந்தது என்பது ஸ்தல புராணம். 1875இல் ரயில் வந்தது. 1937இல் தனி நகரசபை ஆயிற்று. ஹில் ரோட்டில் நேதன் என்ற வணிகக் குடும்பத்தாருக்குச் சொந்தமாயிருந்த நிலத்தின் ஒரு பகுதி 1967இல் பொதுவுக்கு வாங்கப்பட்டு, 1982இல் 64 ஹெக்டேர் பரப்புள்ள தாவரத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. என் மத்தியான நடை அங்கேதான். இந்த நாட்டின் காடுகளுக்கே உரிய நீக்காவு மரத்தின் கீழ் உட்காருவேன். உலகத்திலேயே மிகவும் தெற்கே இயற்கையாக வளரும் பனையினம் அது. அதன் பெயருக்குச் சொல்லும் கதை என் மனத்தை விட்டு அகலுவதில்லை. பசிபிக் தீவுகளிலிருந்து தோணிகளில் வந்த மாவோரிகளின் முன்னோர், தென்னையை எதிர்பார்த்துக் கரையேறி, தென்னையைப் போலவே கீற்று விரித்து நின்ற இம்மரத்தைப் பார்த்தார்கள், காயோ மணியளவு. தீவுப் பாஷையில் தென்னங்கீற்றுக்கு உரிய சொல்லையே இதற்கு வைத்தார்கள். கீற்றைக் கொண்டு கூரை வேய்ந்தார்கள். எயினர் ஈந்திலையால் வேய்ந்ததும் இதே முறைதான். தமிழன், புதிதாக வந்த பெரிய பழத்துக்குத் தன் சிறிய மரத்தின் பெயரைப் பெரிதாக்கிக் கொடுத்தான். மாவோரி, புதிய மரத்துக்குத் தான் விட்டுவந்த மரத்தின் கீற்றைப் பெயராகக் கொடுத்தான். நான் தெருமுனையில் கூவியதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான் போலும்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஃபிஜியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். 1903க்கும் 1916க்கும் இடையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் வமிசம். அம்மா, அண்ணா, ஆயா, மாரியம்மன் என்ற வார்த்தைகளைத் தவிரத் தமிழ் அவரிடம் மிச்சமில்லை. பேசுவது ஃபிஜி ஹிந்தி. ரமலான் மாதத்தில் கிரேட் சௌத் ரோட்டுக் கடைகளில் குவியும் அட்டைப்பெட்டிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணா, கஜூர்" என்று வேலிக்கு மேலாக நீட்டினார். கர்ஜூரம் கப்பலேறி, கஜூராகி, வைத்திய நூலில் அடங்கிக் கிடந்த சொல் வேலியைத் தாண்டி என் கைக்கு வந்தது. பேரீச்சம்பழம் என்று நான் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவையில் 'ழ'வை விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டியிலிருந்த பழக் கொட்டைகளில் ஆறை என் பேத்தி எடுத்துக் கழுவி, தயிர் டப்பாவில் மண் நிரப்பி ஊன்றி வைத்தாள். ஆக்லாந்தின் கோடை உச்சத்திலும் பகல் வெப்பம் 24 டிகிரியோடு நின்றுவிடும், வருஷத்தில் 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழும், இங்கே கால் மட்டுமன்றித் தலையும் தண்ணீரிலேயே இருக்கும் என்றெல்லாம் நான் உபந்நியாசம் செய்ததை அவள் பொருட்படுத்தவில்லை. பேரீச்சையின் முளை ஒரு வேடிக்கை: கொட்டையிலிருந்து முதலில் வெள்ளையாக ஒரு வால் கீழ்நோக்கி இறங்கும், அதன் முனையிலிருந்துதான், கொட்டை கிடக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, முதல் இலை மண்ணைக் கீறிக்கொண்டு வரும். ஏழாவது வாரத்தில், ஊன்றிய இடத்திலேயே கண் வைத்துக் காத்திருந்தவளுக்குத் தெரியாமல், டப்பாவின் ஓரத்தில் அது வந்து நின்றது. ஓலையாகக் கிழியாத, மடித்த கடிதம் போன்ற ஒற்றை இலை.

"பழம் எப்போ வரும் தாத்தா?" என்று கேட்டாள். அது ஆணோ பெண்ணோ தெரியவே ஆறேழு வருஷம் ஆகும் என்றேன். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சமையலறை ஜன்னலில் வெயில் விழும் பக்கமாக டப்பாவைத் திருப்பி வைத்தாள்.